செருப்பு ஏன் நழுவியது?

அவர் ஒரு சித்தாள். வயது நாற்பது. இரண்டு மாதமாக இடுப்பு வலி. வலி தொடை வழியாகக் கால் பெருவிரல் வரை இறங்கும். இருமினால் உயிர் போகும். ஒரு நாள் நடக்கும்போது வலது கால் செருப்பு நழுவி விழுந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் மாலை ஊர் நர்ஸ் வந்தார்.

“எத்தனை நாளா அக்கா இப்படி?”

“செருப்பு நழுவுறது நேத்துலேர்ந்துதான் நர்ஸம்மா. எண்ணெய் தேய்ச்சு முதுகுல மிதிக்கச் சொல்றாங்க.”

“அதெல்லாம் வேண்டாம். சிறுநீர் சரியாப் போகுதா?”

அவர் தலை குனிந்தார். காலையிலிருந்து போகவில்லை. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. நர்ஸ் உடனே 108க்குப் போன் செய்தார்.

ஏன் இந்த அவசரம்?

உங்கள் நடுமுதுகைத் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக எலும்புகள் தட்டுப்படும். எலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற ஜவ்வு உண்டு. டாக்டர்கள் இதை டிஸ்க் என்பார்கள். வெளியே கெட்டி. உள்ளே கூழ். வெளிப்பக்கம் கிழிந்தால் கூழ் பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை அழுத்தும்.

பெரும்பாலோருக்கு இது ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்களில், சில மாதங்களில் சரியாகும். படுத்தே கிடக்க வேண்டாம். முடிந்தவரை நடமாடலாம். ஆனால் பாதம் தொங்கினால் தாமதிக்கக் கூடாது. சிறுநீர் அடைத்தாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப் போனாலோ அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நள்ளிரவானாலும் சரி. தாமதித்தால் நரம்பு மீளாமல் போகலாம்.

‘முதுகில் கத்தி வைத்தால் கால் விழுந்துவிடும்’ என்று பலர் பயப்படுகிறார்கள். தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஜவ்வு பெரும்பாலும் பிதுங்குவது அதற்கும் கீழே. அங்கே இருப்பவை நரம்பு இழைகள்தான்.

முன்பு முதுகை நீளமாகக் கீறுவார்கள். 1977இல் சுவிட்சர்லாந்தில் டாக்டர் யாசர்கிலும் ஜெர்மனியில் டாக்டர் காஸ்பரும் நுண்ணோக்கி வைத்துச் செய்யும் முறையை வெளியிட்டார்கள். இப்போது 2, 3 சென்டிமீட்டர் கீறல் போதும். எண்டோஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க்கு 1 சென்டிமீட்டரே போதும். பலர் மறுநாளே நடக்கிறார்கள்.

துளை சிறியது என்றால் வேலை எளிது என்று நினைக்காதீர்கள். சின்ன வழியில் நரம்பை விலக்குவதற்குப் பழகிய கை வேண்டும். நரம்பின் உறை கிழியலாம். கிருமி தொற்றலாம். கூழ் மறுபடியும் பிதுங்கலாம். “டாக்டர், இந்த ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்?” என்று கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

சித்தாளுக்கு அன்று இரவே ஆபரேஷன் நடந்தது. பிதுங்கிய துண்டு பெரிது. அதனால் டாக்டர் துளையைச் சற்று அகலமாகவே போட்டார். சில நாட்களில் சிறுநீர் சரியாகப் போனது. செருப்பு நழுவுவது நிற்க நான்கு மாதம் ஆயிற்று. செங்கல் சுமக்க அவர் இன்னும் போகவில்லை.