திரை உறைவது ஏன்? ஃபிளைட் சிமுலேட்டர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஓடுபாதை கண்ணில் பட்டு, சக்கரங்களை இறக்கும் நேரம் பார்த்துத் திரை அரை விநாடி உறைந்துவிடும். வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுபவர்களுக்கு இது பழகிய எரிச்சல். "புது கிராஃபிக்ஸ் கார்டு போடு, எஸ்.எஸ்.டி. மாற்று" என்று ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். தடை எங்கே என்று பார்க்காமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீண்தான்.

நம்பிக்கை 1: பறக்கும்போது இடையிடையே நின்றால் கணினியில் ஏதோ பழுது.

உண்மை: எக்ஸ்-பிளேன் போன்ற சிமுலேட்டர்கள் பூமியை ஒரு பாகை அகல, நீளக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. தெற்கு வடக்காக ஒரு கட்டம் 60 கடல் மைல், அதாவது சுமார் 111 கி.மீ. 480 நாட் வேகத்தில் நேர்வடக்கே போனால் ஏழரை நிமிடத்துக்கு ஒரு கட்டம் கடந்துவிடும். சென்னையிலிருந்து டெல்லி போவதற்குள் 13 முதல் 28 வரை 16 அட்சக்கோடுகளைத் தாண்ட வேண்டும். முன்னே உள்ள நிலம், சாலை, கட்டடம், மரம் எல்லாம் வழியிலேயே ஏறியாக வேண்டும். இந்த வேலையைப் பின்னணியில் செய்யும் முறை வந்த பிறகு நிற்பது வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் எடுத்த காட்சியை ஓடிக்கொண்டிருக்கும் உலகத்தில் சேர்க்கும் கடைசிப் படியில் சிறு தடங்கல் வரலாம். அதைப் பழுது என்று சொல்ல முடியாது.

நம்பிக்கை 2: ஃப்ரேம் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் ஓட்டம் சீராக இருக்கும்.

உண்மை: விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிவிநாடி. பத்து விநாடியில் அரை விநாடி திரை உறைந்தாலும் சராசரி 57 என்றே வரும். எண் நன்றாகத்தான் இருக்கும், கண் ஏமாறாது. ஏறி இறங்கும் 60-ஐவிட, சீரான 30 தரையிறங்க உதவும். ஃப்ரேமுக்கு உச்சவரம்பு வைத்தால், மிச்சமாகும் நேரம் காட்சியை ஏற்றும் வேலைக்குக் கிடைக்கும்.

நம்பிக்கை 3: விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் தீர்ந்தது.

உண்மை: விமானத்தின் இயக்கம், கருவிகள், வானிலை, பிற விமானங்கள் ஆகியவற்றில் பெரும்பகுதி பிராசஸரின் வேலை, அதிலும் ஒரே முதன்மைத் திரெட்டின் மீது பாரம் குவிகிறது. சோதிப்பது எளிது. திரையின் ரெசல்யூஷனைப் பாதியாக்கிப் பாருங்கள். ஃப்ரேம் ஏறவில்லை என்றால் தடை கார்டில் இல்லை. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் டெவலப்பர் மோடில் தடை எங்கே என்பதை நேரடியாகவே பார்க்கலாம். 2020-இல் எக்ஸ்-பிளேன் 11.50 பதிப்பில் வல்கன், மெட்டல் என்னும் கிராஃபிக்ஸ் இடைமுகங்கள் வந்தபோது, அதே கார்டு வைத்திருந்த பலருக்கும் தடங்கல் குறைந்தது. மாறியது மென்பொருள் மட்டுமே.

நம்பிக்கை 4: எஸ்.எஸ்.டி. போட்டால் நிற்கவே நிற்காது.

உண்மை: தொடக்கத்தில் காத்திருக்கும் நேரம் நன்றாகவே குறையும், பழைய வட்டிலிருந்து மாறுவது நல்ல முடிவு. ஆனால் கோப்பைப் படிப்பது முதல் படி மட்டுமே. அதைப் பிரித்து, நிலப்பரப்பை உருவாக்கி, பொருள்களை நிறுத்தி, கார்டுக்கு அனுப்பும் வேலையெல்லாம் அப்புறமும் பாக்கி இருக்கிறது.

நம்பிக்கை 5: டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்தாலும் வேகம் குறையாது.

உண்மை: கார்டின் நினைவகம் நிரம்பும் வரை இது பெரும்பாலும் சரி. டெக்ஸ்சர் என்பது பரப்புகளின் மேல் ஒட்டும் படம். 4096-க்கு 4096 பிக்சல் அளவுள்ள ஒரு படம், சுருக்கப்படாத நிலையில் 64 எம்.பி. பிடிக்கும். பக்க அளவைப் பாதியாக்கினால் 16 எம்.பி. போதும். நினைவகம் நிரம்பிவிட்டால் படங்கள் ராமுக்கும் கார்டுக்கும் இடையே அலையத் தொடங்கும். திரையும் திக்கித் திக்கி நகரும். ஒரு படி குறைத்தால் பல நேரம் இதற்குச் செலவில்லாமலே தீர்வு கிடைக்கும்.

நம்பிக்கை 6: எல்லாத் தடங்கலுக்கும் இணைய வேகம்தான் காரணம்.

உண்மை: 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் நிலக்காட்சியை இணையம் வழியாகப் பெறுகிறது. வேகம் போதாவிட்டால் முதலில் தெரிவது மங்கலான தரையும் விவரமற்ற கட்டடங்களும்தான். வட்டிலிருந்தே காட்சியை ஏற்றும் எக்ஸ்-பிளேனுக்கு இந்தக் காரணம் பொருந்தாது.

ஒரே விமானம், ஒரே வழி, ஒரே வானிலை என்று வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றிப் பறந்து பாருங்கள். எந்த மாற்றத்தில் தடங்கல் குறைகிறதோ அங்கேதான் தடை. கடைக்குப் போவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.