உறங்கும் முன் நெருப்பை அணைப்போம்



மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, அதிலிருந்தவர்களோடு எரிந்தது. நெருப்பு நமக்குப் பகை, உறங்கும் முன் அதை அணைத்துவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக புகாரியில் காண்கிறோம்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையல் நெருப்பு கீற்றுக் கூரையில் பற்றி 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோம்.

பல நேரம் தீக்கு முன்பே புகை உயிரைப் பறித்துவிடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் விழிக்காமலே மயங்கிவிடுவார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒற்றை அறையில் குடும்பத்தோடு வாடகைக்கு இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அறைக்குள் கரி அடுப்பு மூட்டாதீர்கள். கொசுவர்த்தியைப் பாய், துணி அருகே வைக்காதீர்கள். ஸஹர் நேரத் தூக்கக் கலக்கத்தில் அடுப்பை விட்டு நகராதீர்கள்.

கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். புகை சூழ்ந்தால் தரையோடு தவழ்ந்து வெளியேறி 101-ஐ அழையுங்கள். நகைக்காகவும் பத்திரத்துக்காகவும் திரும்ப உள்ளே போகாதீர்கள். தீப்பட்ட வீட்டில் எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மின்சாரம் வேண்டாம். புகை பட்ட உணவும் வேண்டாம்.

இன்று இஷாவுக்குப் பின் ஒருமுறை அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் படுப்போம். அல்லாஹ் நம் இல்லங்களைக் காப்பானாக. ஆமீன்.