எலுமிச்சை மூடியை அந்தப் பக்கம் வை

அன்புள்ள வித்யா,

மாட்டுங்கா பண்டார்க்கர் ரோடு வீட்டில் பால் காய்ச்சியாயிற்று என்று கேட்டுச் சந்தோஷம். முன்பு குடியிருந்தவர்கள் சமையல் மேடையில் விட்டுப்போன கறையை எலுமிச்சை மூடியும் உப்பும் போட்டுத் தேய்க்கப் போவதாகச் சொன்னாய். தேய்க்காதே. பித்தளைக்கு அது சரி. கல்லென்றால் முதலில் எந்தக் கல் என்று பார்.

பிளேக்குக்குப் பிறகு 1898-இல் அமைத்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் மனை பிரித்த பேட்டை மாட்டுங்கா. அங்கே பழைய கட்டடங்களில் ஒரே சமையலறைக்குள் மூன்று கல்லும் இருக்கலாம்: அலமாரித் தட்டு கடப்பா, பிற்பாடு மாற்றிய அடுப்பு மேடை கிரானைட், ஜன்னல் விளிம்பில் மார்பிள்.

மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கடப்பாவும் சுண்ணாம்புக்கல் இனமே. எலுமிச்சை, புளி, வினிகர் எது பட்டாலும் மேற்பரப்பு கரைந்து மெருகு போகும். ரசச் செம்பு வைத்த இடத்தில் வட்டமாக ஏதாவது தெரிந்தால், குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார். நிறம் மாறாமல் பளபளப்பு மட்டும் போயிருந்தால் அது அரிப்பு. எந்தப் பொடிக்கும் போகாது.

கிரானைட் வீட்டுப் புளிப்புக்கு அசையாது. (ஆந்திராவின் சிமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸியை எல்லாரும் கிரானைட் என்றே விற்கிறார்கள், புவியியல்படி அது வேறு இனம். போகட்டும்.) அதற்கு எதிரி எண்ணெய். அடுப்போரம் கறுத்துத் தெரியும் திட்டு, கல்லின் நுண்துளைக்குள் இறங்கிய நல்லெண்ணெய். மேலே எத்தனை தேய்த்தாலும் வராது, உறிஞ்சித்தான் எடுக்கவேண்டும். சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டு அடை மாவுப் பதத்தில் குழைத்து, திட்டின்மேல் கனமாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடு. பிறகு தாளை எடுத்துக் காயவிடு. காயும்போதுதான் எண்ணெய் மாவுக்குள் ஏறும். மரக் கரண்டியால் சுரண்டி எடு. பழைய கறைக்கு இரண்டு மூன்று தடவை போடவேண்டியிருக்கும்.

மஞ்சள் கறைமேல் சோப்போ சோடாவோ பட்டதும் சிவந்தால் பதறாதே. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்து சிவக்கிறதே, அதே காரத்தின் வேலைதான். மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் பாத்திரம் தேய்க்கும் திரவத்தால் பிசுக்கை எடுத்துவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை வெள்ளைத் துணியில் நனைத்துச் சில மணி நேரம் போட்டு வை. 6 சதவீதக் கரைசலானால் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள். கறுப்புக் கல்லை அது வெளுக்கச் செய்யலாம், ஓரத்தில் பார்த்துவிட்டுச் செய். வெயில் விழும் இடமானால் பாதி வேலையை வெயிலே முடித்துவிடும்.

கழிவறை ஆசிட்டைச் சமையலறைக்குள் கொண்டுவராதே. அது பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு வரும். சின்னச் சமையலறையில் மூச்சு அடைக்கும்.

எல்லாம் காய்ந்தபின் கிரானைட்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். பத்து நிமிஷத்தில் கல் கறுத்தால் சீலர் பூசவேண்டும். மார்பிளில் போன மெருகுக்குப் பாலிஷ் போடுபவரைத்தான் கூப்பிடவேண்டும். வாடகை வீடு, அதனால் வீட்டுக்காரரிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

அன்புடன்,
அத்தை