பறவைத் தளமும் குடிமராமத்தும்

ஏரி வெட்டுவது ஒருமுறை. தூர் வாருவது ஆண்டுதோறும். நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். அதனாலன்றோ குடிமராமத்து என்னும் வழக்கத்தை ஊர்தோறும் வைத்திருந்தனர்! ஏரி நீரைப் பயன்கொள்வோரே அதன் கரையையும் காக்க வேண்டும் என்பது அவ்வழக்கத்தின் கருத்து. பறவை நோக்குவோர் தம் வட்டாரத்திற்கென இணையதளம் அமைப்பதற்கும் இக்கருத்து முற்றும் பொருந்தும். இதனை நான் பட்டே அறிந்தேன்.

டில்லிக்குப் படிக்க வந்த முதற் குளிர்காலத்தில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து, ஓக்லாவிலும் யமுனைக் கரையிலும் கண்ட பறவைகளைப் பட்டியலிட்டோம். அவற்றை வெளியிட ஒரு தளமும் தொடங்கினோம். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டோம். வேலை முடிந்தது என்று மகிழ்ந்தோம். மூன்று குளிர்காலங்கள் சென்றன. படிப்பு முடிந்து இருவர் ஊர் திரும்பினர். தளத்தின் பெயரைப் புதுப்பிக்குமாறு வந்த அறிவிப்பு, எங்களுள் ஒருவர் கைவிட்டுவிட்ட மின்னஞ்சல் முகவரிக்குப் போயிற்று. ஒரு நாள் தளம் மறைந்தது. மூன்று குளிர்காலக் குறிப்புகளும் உடன் மறைந்தன. குற்றம் எங்களுடையதே.

சில பட்டியல்கள் அழிந்தால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். டில்லிக்கு அருகே பரத்பூரில் நடந்ததைப் பாருங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ், 1980களில் அங்கே பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகளை எண்ணி வைத்திருந்தார். 1990களின் பிற்பகுதியில் மீண்டும் எண்ணியபோது பேரளவான வீழ்ச்சி தெரிந்தது. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்னும் மருந்தே காரணம் என்பது 2004இல் உறுதிப்பட்டது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அதனைத் தடை செய்தது. பழைய எண்ணிக்கை இல்லையேல் வீழ்ச்சியின் அளவை எதனோடு ஒப்பிட்டு அறிவது?

டில்லியில் பறவை நோக்குவோர் சங்கம் 1950இலேயே தோன்றிற்று. பின்னர் சஃபர் ஃபதேஹ்அலி பறவை நோக்குவோர்க்கென ஒரு செய்தி இதழைத் தொடங்கினார். டில்லி வட்டாரப் பறவைகளைப் பற்றி உஷா கங்கூலி எழுதிய நூல் 1975இல் வெளிவந்தது. அந்நூல் இன்றும் இருக்கிறது. எங்கள் தளமோ மூன்று ஆண்டுகளில் இல்லை! இலவச இடத்தை நம்பியோரும் இழந்தனர். இந்தியப் பறவை நோக்குவோர் பலர் செய்தி பரிமாறிய யாகூ குழுக்களின் பழைய பதிவுகள் 2019இல் நீக்கப்பட்டன. 2020இல் அச்சேவையே மூடப்பட்டது.

ஆகவே முதற் பாடம் இது: களஞ்சியம் வேறு, முற்றம் வேறு. பறவைக் குறிப்புகள் பொதுக் களஞ்சியத்தில் இருத்தல் வேண்டும். 2002இல் தொடங்கிய ஈபேர்ட் அத்தகையது. இந்தியாவுக்கெனத் தனி வாயிலும் அதில் உண்டு. பேர்ட் கவுண்ட் இந்தியா என்னும் கூட்டமைப்பு அதனைக் கவனிக்கிறது. ஒருவர் ஐயத்திற்குரிய பறவையையோ அளவுக்கு மீறிய எண்ணிக்கையையோ பதிந்தால், அவ்வட்டாரத்தை அறிந்த தன்னார்வலர் அதனைச் சரிபார்க்கிறார். வேட்டையாலும் தொல்லையாலும் அஞ்சத்தக்க சில இனங்களின் இருப்பிடம் பொதுமக்களுக்குக் காட்டப்படுவதில்லை. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, ஏறத்தாழ 30,000 பேர் இவ்வாறு பதிந்த 3 கோடிக் குறிப்புகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது.

அப்படியானால் வட்டாரத் தளம் எதற்கு? அது முற்றம். எந்த நீர்நிலைக்கு எவ்வழியே செல்வது, எம்மாதத்தில் என்ன வரும், ஞாயிறன்று எங்கே கூடுவது, உள்ளூர்ப் பெயர் என்ன என்பனவற்றை உள்ளூர்க்காரரே உள்ளூர் மொழியில் சொல்ல முடியும். ஆட்களைத் திரட்டுவதும் அவர்களே. கேரளத்தார் 2015 முதல் 2020 வரை மாநிலம் முழுதும் பறவை வரைபடம் எடுத்தபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர் சேர்ந்து ஏறத்தாழ 3 லட்சம் குறிப்புகளைத் திரட்டினர். அவற்றுள் 361 இனங்கள் இடம்பெற்றன. குறிப்புகள் பொதுக் களஞ்சியத்தில், உழைப்பு உள்ளூரில்.

இனிப் பணம். தளத்தின் பெயருக்கு ஆண்டுக்கு ஒரு சிறு தொகை ஆகும். இடத்திற்குச் சில ஆயிரம். ஐம்பது பேர் ஆளுக்கு இருநூறு ரூபாய் சந்தா கொடுத்தால் பத்தாயிரம் சேரும். சிறு தளத்திற்கு அது போதும். பத்துப் பேர் கொடுக்கும் ஆயிரத்தைவிட ஐம்பது பேர் கொடுக்கும் இருநூறே நல்லது. கரை காக்கும் கைகள் மிகும். இரண்டாண்டுச் செலவைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது நலம்.

பணமும் பெயரும் தனி ஒருவரிடம் இருத்தல் ஆகாது. 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி எழுவர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அதன் பெயரிலேயே வங்கிக் கணக்கும் தளமும் இருக்கலாம். பெரிய பணிகளுக்கு நிறுவனங்களை அணுகலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவு வளமுள்ள நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. உயிரினப் பாதுகாப்பும் அப்பணிகளுள் ஒன்று. வெளிநாட்டுப் பணம் பெறுவதற்கோ 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் இசைவு வேண்டும். ஆயினும் நன்கொடை மழைநீர் போன்றது, சந்தாவே ஊற்று. மழையை நம்பி ஊற்றைத் தூர்க்கலாகாது.

எங்கள் குறிப்புகளில் ஒரு குளிர்காலம் மட்டும் தப்பியது. நண்பர் ஒருவர் அதனைத் தாள் ஏட்டில் எழுதி வைத்திருந்தார். இரண்டு இரவுகள் விழித்திருந்து அதனை ஈபேர்டில் ஏற்றினோம். மற்ற இரு குளிர்காலங்களும் போனவை போனவையே.

நண்பர்களே, நாம் இப்பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகளே இருப்போம். நம் பின் வருவோர்க்குத் திறவுகோலையும் கணக்கேட்டையும் கையளித்துச் செல்வோமாக. மாணவர் மாறுவர், ஏரி வற்றலாகாது.