வெங்காயக் குமிழும் பூவிதையும்: கலப்பிரிவின் இரு வகைகள்

உடுவிற் பகுதிச் செம்மண் தோட்டங்களிற் சின்ன வெங்காயம் வழமையாகக் குமிழ் நட்டே பயிரிடப்படுகின்றது. குமிழ் முளைத்துப் பெருகுவது இழையுருப்பிரிவினால் ஆகும். இதில் 16 நிறமூர்த்தங்களையுடைய ஒரு கலம், அதே 16 நிறமூர்த்தங்களையுடைய இரு கலங்களாகின்றது. ஆகவே தாய்ப்பயிரின் குணம் மாறாது. ஆயின் குமிழிலுள்ள நோயும் உடன் தொடரும்.

பூவில் மகரந்தமும் சூலும் தோன்றுமுன் ஒடுக்கற்பிரிவு நிகழும். சோடி நிறமூர்த்தங்கள் தம்முட் பகுதிகளை மாற்றிக்கொண்டு பிரிய, 8 நிறமூர்த்தங்கள் வீதம் பெற்ற நான்கு கலங்கள் உண்டாகும். கருக்கட்டலின்போது 8உம் 8உம் கூடி மீண்டும் 16 ஆகும். எனவே பூவிதையிற் பிறந்த பயிர்கள் யாவும் ஒன்றுபோல் இரா.

இனம் மாறாதிருக்க விரும்பும் கமக்காரர் நோயற்ற குமிழ்களையே தெரிந்து நடுதல் வேண்டும். பூவிதையாற் பயிர் செய்வோர், அறுவடையிற் சிறந்த பயிர்களின் குமிழ்களை அடுத்த போகத்துக்கு ஒதுக்கி வைத்தல் நன்று.