வாயில் குஞ்சு சுமக்கும் மீன்: சைடு இன்கமா, செலவா?



போன வீடியோவில் எனக்குப் பின்னாடி தெரிஞ்ச மீன் தொட்டியைப் பார்த்துட்டு பலர் கேட்ட கேள்வி: "இதை பிரீட் பண்ணி சைடு இன்கம் பார்க்கலாமா?" இன்னைக்கு அதுதான் பாடம்.

மீனோட பேர் எலெக்ட்ரிக் யெல்லோ. சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி. மஞ்சள் உடம்பு, முதுகுத் துடுப்பில் கறுப்புக் கோடு, வளர்ந்தா சுமார் 4 அங்குலம். தாய் மீன் முட்டையை வாயிலேயே அடைகாக்கும். குஞ்சு நீந்துற அளவுக்கு வளரும் வரை 3 முதல் 4 வாரம் கிட்டத்தட்ட பட்டினிதான்.

1. மீன் விலை ஷோரூம் விலை மாதிரி

பைக் வாங்கும்போது ஆன்-ரோடு விலை கேட்போம் இல்லையா? இங்கேயும் அப்படித்தான். மீன்தான் இருக்கிறதிலேயே மலிவு. தொட்டி, ஸ்டாண்டு, ஃபில்டர், லைட், கல், மணல் எல்லாம் சேர்த்தாதான் உண்மையான விலை. 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் இருந்தா சுமார் 130 லிட்டர். ஒரு சின்னக் கூட்டத்துக்கு இது வேணும்.

மாசச் செலவு? 15 வாட் ஃபில்டர் 24 மணி நேரமும் ஓடினா மாசம் 10.8 யூனிட். 10 வாட் லைட் தினம் 8 மணி நேரம்னா 2.4 யூனிட். மொத்தம் சுமார் 13 யூனிட்.

2. முதல் மாசம் மீன் வாங்காதீங்க

நான் சம்பளம் வந்த அன்னைக்கே தொட்டியும் ஆறு மீனும் ஒண்ணா வாங்கினேன். பத்து நாளில் நாலு போச்சு. மீன் கழிவில் வர்ற அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாவும் பிறகு நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா ஃபில்டரில் வளர 4 முதல் 6 வாரம் ஆகும். எமர்ஜென்சி ஃபண்ட் இல்லாம ஷேர் வாங்கின கதைதான்!

3. தினசரிப் பராமரிப்பு

இதுக்கு காரத்தன்மை கூடின கடினத் தண்ணீர் பிடிக்கும், பி.ஹெச் 7.8 முதல் 8.6 வரை. அதனால ஆர்.ஓ. தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். குழாய்த் தண்ணீர்னா குளோரின் நீக்கும் மருந்து அவசியம். வாரம் இரண்டு பக்கெட் தண்ணீர் மாத்துங்க. தீனி அளவா போடுங்க. ஒளிஞ்சுக்க பாறை இடுக்கு நிறைய வைங்க.

4. இப்போ சைடு இன்கம் கணக்கு

ஒரு தடவைக்கு 15 குஞ்சு தேறுதுன்னு வச்சுக்குவோம். கடைக்காரர் ஒண்ணுக்கு 30 ரூபாய் தந்தா 450 ரூபாய். விற்கிற அளவுக்கு வளர 3 மாசம்னா மாசம் 150. கரண்ட் யூனிட் 6 ரூபாய்னா 78 கழியும். மிச்சம் 72 ரூபாய். தொட்டி செட்டப்புக்கு 10,000 போட்டிருந்தா, அதை எடுக்கவே 11 வருஷத்துக்கு மேல! தீனிச் செலவு இன்னும் சேர்க்கலை. பெண் மீன்களைக் கூட்டினா குஞ்சும் கூடும்; ஆனா அதுக்கு இன்னொரு தொட்டி வேணும், கரண்ட்டும் கூடும்.

இந்தக் கணக்கைப் போடுறதுக்கு முன்னாடி நான் ஒரு தப்பு பண்ணேன். குஞ்சுகளைக் காப்பாத்தி விற்கணும்கிற அவசரத்தில், வாய் நிறைய முட்டையோட இருந்த தாய் மீனை வலையால் துரத்தினேன். பயத்தில் மொத்தத்தையும் துப்பிடுச்சு. இரண்டு வாரப் பட்டினி, இரண்டு நிமிஷத்தில் வீண். அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரலை. அடுத்த தடவை சும்மா விட்டேன். பாறை இடுக்கில் மூணு குஞ்சு பிழைச்சுது. அதை விற்கலை.

பாடம் என்ன?

எல்லாப் பொழுதுபோக்கும் வருமானமா மாறணும்னு இல்லை. இதை பட்ஜெட்டில் சினிமா, ட்ரிப் வரிசையில் எழுதுங்க. முதலீடு வரிசையில் வேண்டாம்.

ஹோம்வொர்க்: கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரில் ஒருமுறைச் செலவு, மாசச் செலவு, ஊருக்குப் போனா தீனி போடுறது யார், இந்த மூணையும் எழுதுங்க. மூணுக்கும் பதில் இருந்தா தாராளமா வாங்குங்க. அடுத்த வீடியோவில் பார்க்கலாம்!