அந்த 6 எண்ணா, எழுத்தா?

கேள்வி: பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, டெஸரேக்ட் மூலம் எழுத்தாக்குகிறேன். டெர்மினலில் ஓடும் அதே கட்டளை, பைத்தானின் சப்பிராசஸில் போட்டால் 'டைப் எரர்' என்று நிற்கிறதே?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: பக்கத்தை ஒரே தொகுதியாகப் படிக்கச் சொல்லி 'பி.எஸ்.எம். 6' கொடுத்திருப்பீர்கள். பெரும்பாலும் குற்றவாளி அந்த 6தான். டெர்மினலில் தட்டுவதெல்லாம் எழுத்து. பைத்தான் லிஸ்டில் மேற்கோள்குறி இல்லாவிட்டால் அது எண். இன்னொரு புரோகிராமுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுத்துச் சரங்களை மட்டுமே கடத்தும். உங்கள் எண்ணை 6 என்று எழுதுவதா, 06 என்றா என்று பைத்தான் ஊகிக்காது. நல்ல பிடிவாதம்தான். மேற்கோள்குறி போடுங்கள், வேரியபிள் என்றால் ஸ்ட்ரிங்காக மாற்றிக் கொடுங்கள்.

எரரின் கடைசிச் சொல்லைப் படியுங்கள். 'இன்ட்' என்றால் எண். 'நன்டைப்' என்றால் ஏதோ ஒரு வேரியபிள் காலியாக வந்திருக்கிறது, அநேகமாகக் கோப்பின் பெயர். 'பஃப்சைஸ் இன்டிஜராக இருக்க வேண்டும்' என்றால் கதையே வேறு: சதுர அடைப்பை மறந்து, சொற்களைக் கமா போட்டு அடுக்கிவிட்டீர்கள், இரண்டாவது சொல் பஃபர் அளவுக்கான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

கட்டளை முழுவதையும் ஒரே ஸ்ட்ரிங்காக்கி, 'ஷெல்' வசதியைத் திறந்து சமாளிக்கச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். கோப்பின் பெயரில் ஓர் இடைவெளி இருந்தாலே மாட்டிக்கொள்வீர்கள்.